உஷார்! படிக்கட்டுக்கு அடியில் எத்தனை சிலிண்டர்?

இன்றைக்கு ராத்திரி வாசல் கதவைச் சாத்துவதற்கு முன் கீழே இறங்கி ஒரு சுற்று வாருங்கள். அபார்ட்மென்ட் படிக்கட்டுக்கு அடியில் எட்டிப் பாருங்கள். தரைத்தளத்து மெஸ்ஸின் பின்வாசல், சந்து முனை டீக்கடையை ஒட்டிய தகரக் கொட்டகை, சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர் வாடகைக்குப் பிடித்திருக்கும் கார் ஷெட், எதையும் விடாதீர்கள். சிவப்பு சிலிண்டர் எத்தனை, நீல சிலிண்டர் எத்தனை என்று எண்ணிக்கொண்டு மேலே வாருங்கள்.

எதற்கு இந்தப் பதற்றம் என்கிறீர்களா? உங்கள் அடுப்படியில் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் படுக்கிறீர்கள். டியூபும் மாற்றியாயிற்று. நல்லது. ஆனால் பக்கத்து வீட்டு கேஸ் உங்கள் சுவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடாது. சேலம் கருங்கல்பட்டியில் 2021 நவம்பர் 23 காலை ஒரு வீட்டில் கசிந்திருந்த கேஸ் வெடித்தபோது ஒட்டியிருந்த வீடுகளும் சேர்ந்து சரிந்தன. குறைந்தது ஐந்து உயிர்கள் போயின. இடிபாட்டில் சிக்கி இறந்தவர்களில் தீயணைப்புத் துறை அலுவலர் ஒருவரும் உண்டு. பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். தீயை அணைப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதரை அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிலிண்டர் கொன்றது.

ஓராண்டுகூட முழுசாக ஆகவில்லை. 2022 செப்டம்பர் 28 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் பக்கம் தேவரியம்பாக்கம் கிராமத்தில் கேஸ் சிலிண்டர் குடோனில் தீப்பிடித்து சிலிண்டர்கள் வெடித்தன. பன்னிரண்டு பேர் தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்துபோனார்கள்.

வீட்டுக்குள் எப்படிப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று கேஸ் கம்பெனிகள் புத்தகம் போட்டுத் தருகின்றன. தெருவில் எவ்வளவு கேஸ் சேர்ந்து கிடக்கிறது என்று கேட்கத்தான் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது கடைக்காரர் பாடு, நமக்கேன் வம்பு என்று போய்விடுகிறோம். அந்த வம்பு கீழ்த்தளத்திலிருந்து நம் வீட்டுக்கு ஏறி வர எத்தனை நேரம் ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும்வரைதான் அது திரவம். வெளியே வந்தால் ஒரு லிட்டர், சுமார் 250 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அது கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ கசிந்தால் போதும், அறை முழுவதும் வெடிக்கத் தயார். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. கடைகளில் இருக்கும் நீல சிலிண்டரில் 19 கிலோ.

இதில் இன்னொரு சிக்கல். இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தில் கண்ணூர் அருகே சாலா என்ற ஊரில் கேஸ் டேங்கர் லாரி கவிழ்ந்தது. கசிந்த கேஸ் சாலையோர வீடுகள்வரை பரவிப் பற்றியது. இருபது பேர் இறந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? கேஸ் தவழ்ந்து போன பாதைதான் சம்பந்தம்.

நூறு கிலோ கோடு

சட்டம் இதற்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்தவை கேஸ் சிலிண்டர் விதிகள். இப்போது நடப்பில் இருப்பது 2016ஆம் ஆண்டு வந்தது. அதன்படி ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் 100 கிலோ வரை எல்.பி.ஜி. இருந்தால் உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். உரிமம் தருவது மாநகராட்சியோ பஞ்சாயத்தோ அல்ல. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ என்னும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. கடைக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் தொழில் உரிமமும், உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் இதற்கு ஈடாகாது.

நூறு கிலோ என்றால் பெரிய அளவாகத் தோன்றும். எண்ணிப் பாருங்கள். நீல சிலிண்டர் ஐந்து இருந்தால் 95 கிலோ. ஆறாவது வந்து இறங்கிய நிமிடம் 114. சிவப்பு சிலிண்டர் ஏழு இருந்தால் 99.4, எட்டாவது கோட்டைத் தாண்டிவிடும். மூன்று அடுப்பு எரியும் பிரியாணிக் கடை, சனி ஞாயிறு கூட்டத்துக்கு முன்கூட்டியே இறக்கி வைக்கும் சிலிண்டர் எத்தனை இருக்கும்? கல்யாண சீசனில் சமையல்காரர் ஷெட்டில் எத்தனை இருக்கும்? பெரும்பாலும் ஏமாற்ற வேண்டும் என்று யாரும் இதைச் செய்வதில்லை. சப்ளைக்குத் தட்டுப்பாடு வரும் என்ற பயம், மொத்தமாக எடுத்தால் கொஞ்சம் குறையும் என்ற ஆசை, கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாத அலட்சியம், இவ்வளவுதான். அதனால் வெடிக்கும்போது சேதம் குறைந்துவிடப் போவதில்லை.

உரிமம் பெற்ற இடம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தீப்பிடிக்காத கட்டுமானம், நல்ல காற்றோட்டம், கேஸின் அளவுக்கு ஏற்றபடி சுற்றிலும் விட வேண்டிய காலி இடம், பொறி தெறிக்காத மின்சாதனம், தீயணைப்புக் கருவி. ஏஜென்சி குடோன்கள் ஊருக்கு வெளியே தனியாக, வேலி போட்டு நிற்பது அதனால்தான். பிரச்சினை என்னவென்றால் குடோன் அங்கேயே நிற்க, ஊர் அதைத் தேடிப் போய்விடுகிறது. வயலும் பொட்டலுமாக இருந்த இடத்தில் மனை பிரித்து விற்று, குடோன் காம்பவுண்டை ஒட்டியே வீடு எழும்பிவிட்டது. மெக்சிகோ நகரின் விளிம்பில் சான் குவானிக்கோவில் இப்படித்தான் பெரிய எல்.பி.ஜி. நிலையத்தை நெருக்கிக்கொண்டு வீடுகள் முளைத்திருந்தன. 1984 நவம்பர் 19 விடியலில் அது வெடித்தபோது ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டார்கள். மனை வாங்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறீர்கள், குடிநீர் உப்பா என்று கேட்கிறீர்கள். அரை பர்லாங்குக்குள் கேஸ் குடோன் இருக்கிறதா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடுகளுக்குத் தனிக் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு ஓர் இணைப்பு, அதிகபட்சம் இரண்டு சிலிண்டர். மூன்றாவது ஒன்று இருக்கிறது என்றால் அது யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது, அல்லது பிளாக்கில் வந்திருக்கிறது. சிவப்பு சிலிண்டரைக் கடையில் வைத்து எரிப்பதும் 2000ஆம் ஆண்டு வந்த எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு ஆணைப்படி தவறு. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அது. விலை வித்தியாசத்துக்காக எத்தனை டீக்கடைகளில் அது கண்ணெதிரே எரிகிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்தப் படிக்கட்டு

தமிழ்நாட்டு நகரங்களில் மூன்று மாடி, நான்கு மாடி வாடகைக் கட்டடங்களின் தரைத்தளம் எல்லாமே ஒரே அச்சு. நுழைந்ததும் ஈ.பி. மீட்டர் போர்டு, வரிசையாக எட்டு பத்து மீட்டர். அதற்குக் கீழே டூவீலர்கள். அதில் ஒன்றிரண்டு இப்போது எலெக்ட்ரிக் வண்டி, ராத்திரி முழுக்க சார்ஜில் கிடக்கும். அதை அடுத்து தண்ணீர் சம்ப், சம்ப் மூடிக்கு மேலே மோட்டார் சுவிட்ச். இவ்வளவுக்கும் நடுவில் படிக்கட்டு. அதன் அடியில் முக்கோணமாக மிஞ்சும் இடம். அந்த இடம் காலியாகக் கிடந்தால் நம் ஆட்களுக்குத் தாங்காது. பழைய பெயிண்ட் டப்பா, தின்னர் பாட்டில், உடைந்த நாற்காலி, செய்தித்தாள் கட்டு, கூடவே வீட்டுக்காரர்கள் இறக்கி வைத்த சிலிண்டர்கள்.

“காலி சிலிண்டர்தாங்க அது. கேஸ்காரர் வந்தா மூணாவது மாடி ஏற மாட்டேங்கிறார். அதான் கீழயே வச்சுருக்கோம்.”

கேஸ்காரர் மாடி ஏறித்தான் கொடுக்க வேண்டும், அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது வேறு சண்டை. இப்போது ‘காலி’க்கு வருவோம். அடுப்பு அணைந்துவிட்டால் சிலிண்டர் காலி என்று நினைக்கிறோம். உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். வாயு மிச்சம் இருக்கும். வால்வு ஊசி சரியாக உட்காராவிட்டால், வாஷர் தேய்ந்திருந்தால், அது சத்தமில்லாமல் வெளியே வந்துகொண்டிருக்கும். இப்படி நாலைந்து காலி சிலிண்டர்கள் காற்றோட்டமில்லாத முக்கோணத்தில் கிடந்தால் என்ன ஆகும்? கேஸ் தரையில் படரும். பக்கத்தில் சம்ப். மூடி என்றைக்குமே முழுசாகப் பொருந்தியதில்லை. பள்ளத்தைத் தேடும் கேஸ் உள்ளே இறங்கிவிடும். விடிகாலை நாலரைக்குத் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் ஆட்டோமேட்டிக் மோட்டார் தானாக ஓடும். சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதாதா? மனிதக் கை எதுவும் படாமலே காரியம் முடிந்துவிடும். சம்ப் இல்லாத இடத்தில் லிஃப்ட் பள்ளம் இருக்கும். சாக்கடைச் சேம்பர் இருக்கும்.

வெடிக்கக்கூட வேண்டாம், தீ மட்டும் பிடித்தால் போதும். அந்தக் கட்டடத்துக்கு வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தப் படிக்கட்டுதான். புகையும் சூடும் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். மேலே இருப்பவர்கள் அதன் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் ஒரே ஒரு சிலிண்டர் என்ன செய்யும் என்பதை மதுரையில் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, ரயில்வே யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி ஏற்றி வந்திருந்த சிலிண்டரில் டீ போடப் போய் ஒன்பது பேர் கருகினார்கள். ஓடிக்கொண்டிருந்த ரயில்கூட அல்ல அது, நிறுத்தி வைத்திருந்த பெட்டி.

ஆகவே அசோசியேஷன் மீட்டிங்கில் பெயிண்ட் கலர் பற்றி மூன்று மணி நேரம் விவாதிக்கிறவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். படிக்கட்டுக்கு அடியிலும், நடைவழியிலும், பேஸ்மென்ட் பார்க்கிங்கிலும் சிலிண்டர் கூடாது. கீழே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கட்டடத்துக்கு வெளியே, தரைமட்டத்தில், நிழலில், சம்ப்பிலிருந்தும் சாக்கடை மூடியிலிருந்தும் மீட்டர் போர்டிலிருந்தும் தள்ளி, கம்பி வலை அடித்த கூண்டு ஒன்று செய்யுங்கள். தகரக் கதவு போட்டு மூடிவிடாதீர்கள். காற்று உள்ளே நுழைந்து வெளியே வர வேண்டும், அதுவும் கீழ்ப்பக்கமாக. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்கப் படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வால்வுப் பக்கம் வந்துவிடும். ஒன்றுக்கு 250 கணக்கு அப்போது வேலை செய்யும். ஒவ்வொன்றின் வாயிலும் அந்த வெள்ளை மூடி நைலான் கயிற்றோடு இருக்க வேண்டும். அந்த மூடியைப் பிய்த்துக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. வால்வு கசிந்தால் அதை அழுத்தி மூடி அடைக்கக் கையில் இருக்கும் ஒரே பொருள் அதுதான்.

சின்ன சிலிண்டர் என்ற பெரிய ஆபத்து

எனக்கு அதிகம் பயம் தருவது குடோனும் அல்ல, படிக்கட்டும் அல்ல. பேச்சிலர் ரூம்கள், கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள், பஸ் ஸ்டாண்ட் பக்கத் தள்ளுவண்டிகள், இங்கெல்லாம் இருக்கும் குட்டி சிலிண்டர்கள். தலையிலேயே பர்னர் பொருத்தியது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்காது, தேதி இருக்காது. தீர்ந்தால் ஏஜென்சிக்குப் போகாது. பாத்திரக் கடைக்கோ, அடுப்பு ரிப்பேர் கடைக்கோ போகும். உள்ளறையில் பெரிய சிலிண்டரிலிருந்து கேஸை இதற்கு மாற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள்.

இதில் இரண்டு ஆபத்து. மாற்றும்போது ஒவ்வொரு முறையும் இணைப்பில் கொஞ்சம் கேஸ் வெளியே பீய்ச்சும். சன்னல் இல்லாத அறை, பக்கத்தில் ஒரு டியூப்லைட்டோ ஃபேனோ. ஒரு நாளில் இருபது முறை இது நடக்கும். அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் சென்டர் இருந்தால்? இரண்டாவது ஆபத்து, நிரப்புகிற அளவு. பாட்டிலிங் ஆலையில் சிலிண்டரை முழுசாக நிரப்ப மாட்டார்கள். சுமார் 85 சதவீதம்தான் திரவம். மீதி இடம், சூட்டில் திரவம் விரிவதற்கு விட்டது. கடைக்காரரிடம் அப்படி ஓர் அளவு கிடையாது. “இன்னும் கொஞ்சம் போடுண்ணே” என்றால் போட்டுவிடுவார். விளிம்புவரை நிரம்பிய பாத்திரம், சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள், மேலே எரியும் பர்னர். அதன் தகடு எவ்வளவு தடிமன் என்று செய்தவருக்குத்தான் வெளிச்சம்.

ஏழை என்ன செய்வான், முகவரிச் சான்று இல்லாதவனுக்கு யார் இணைப்பு தருவார்கள் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்களே ஐந்து கிலோ சிலிண்டர் விற்கின்றன. முகவரிச் சான்று தேவையில்லை, ஓர் அடையாள அட்டை போதும். இண்டேன் அதற்கு ‘சோட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறது. ஏஜென்சியிலும் பெட்ரோல் பங்க்குகள் பலவற்றிலும் கிடைக்கும். உங்கள் வீட்டு மொட்டைமாடி ரூமில் பையன்களை வாடகைக்கு வைத்திருக்கிறீர்களா? அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: தம்பி, குட்டி சிலிண்டர் கூடாது, சோட்டு வாங்கிக்கோ, ரசீதைக் காட்டு. ஒரு மாத வாடகையைவிட அது முக்கியம்.

இன்னொன்றும் கண்ணில் படும். டெலிவரி முடிந்து மிச்சமான லோடோடு மினி லாரி ராத்திரி டிரைவர் வீட்டுத் தெருவிலேயே நிற்கும். பத்துப் பதினைந்து நிறை சிலிண்டர்கள், காவலுக்கு ஆள் கிடையாது, மேலே டிரான்ஸ்ஃபார்மர். மிச்சம் குடோனுக்குத்தான் திரும்ப வேண்டும். டிரைவரோடு சண்டை பிடிக்காதீர்கள், பாவம், பன்னிரண்டு மணி நேரம் தூக்கிச் சுமந்துவிட்டு வருகிறவர். வண்டியில் ஏஜென்சி பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கும். அங்கே சொல்லுங்கள்.

வேடிக்கை பார்க்காதீர்கள்

“சிலிண்டர் வெடித்தது” என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. கசிந்த கேஸ் அறையில் நிறைந்து பற்றிக்கொள்வது ஒன்று. அதில் சுவர் பறந்துவிடும், சிலிண்டர் பெரும்பாலும் முழுசாக அப்படியே கிடக்கும். மற்றது, வெளியே எரியும் தீயில் சிலிண்டர் வெந்து, உள்ளே இருக்கும் திரவம் கொதித்து, தகடு கிழிந்து, மொத்தமும் ஒரே நொடியில் தீப்பந்தாக வெளியே பாய்வது. ஒரே இடத்தில் பல சிலிண்டர் இருந்தால் ஒன்று வெடித்ததோடு நிற்காது என்பது இரண்டாவது வகையில்தான். முதலில் வெடிக்கும் சிலிண்டர் பக்கத்திலிருப்பதைச் சுடவைக்கும், அது அடுத்ததை. எத்தனை நிமிட இடைவெளி என்று யாராலும் சொல்ல முடியாது.

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் ராத்திரி தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்த சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தீக்காயம். அதில் பலர் கடைக்கோ வேலைக்கோ சம்பந்தப்பட்டவர்கள் அல்ல. தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் சிலர் பிறகு இறந்தார்கள். கடையில், ஓட்டலில், பட்டறையில் தீ என்று கேட்டால் செல்போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடாதீர்கள். எதிர்ப்பக்கம் ஓடுங்கள். 101க்கோ 112க்கோ சொல்லும்போது “உள்ளே சிலிண்டர் இருக்கு, இத்தனை இருக்கும்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். வருகிற வீரர்களின் உயிருக்கு அந்த ஒரு தகவல் பெரிய காப்பு.

சிலிண்டர் வாயில் மட்டும் மெழுகுவர்த்தி மாதிரி சுடர் நின்று எரிந்தால் அது உடனே வெடித்துவிடாது. கனமான பருத்தித் துணியையோ கோணிச் சாக்கையோ தண்ணீரில் தோய்த்து மூடி அணைத்து, ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடலாம். கை நடுங்குகிறது, சுடர் பெரிதாகிவிட்டது என்றால் வீரம் வேண்டாம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

தீயே இல்லாமல் வாடை மட்டும் வந்தால் வேறு மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது. நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றச் சரக்கைக் கலக்கிறார்கள். ஜலதோஷம் பிடித்தவர், வயதானவர், தூங்குகிறவர் இவர்களை நம்பி விட முடியாது. மூக்குக்கும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். வாடை தெரிந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டும் அல்ல, அணைப்பதும் பொறி. ஃபேன் ஓடினால் ஓடட்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, முடிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி வெள்ளை மூடியைப் போட்டு சிலிண்டரை வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுபோய்விடுங்கள். போன் பேசுவதும் வெளியே வந்த பிறகுதான். 1906 என்ற எண் நாள் முழுவதும் இயங்கும், எந்த கம்பெனி கேஸாக இருந்தாலும் அதே எண். கசிவைக் கண்டுபிடிக்க சோப்பு நுரை போதும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கசிவைக் காட்டும் கருவி வாங்கி மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டர் கேஸுக்கு அது தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். கூரையில் மாட்டினால் அது அலறும்போது கழுத்துவரை கேஸ் ஏறியிருக்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு இணைப்பு இப்போது சில ஊர்களுக்கு வந்துவிட்டது. அது காற்றைவிட லேசானது, அதற்குத்தான் கூரைப் பக்கம்.

சொந்த அடுப்படி விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும். சிலிண்டரைப் பூட்டிய மர அலமாரிக்குள் வைத்தால் அடிப்பக்கம் ஓட்டை போடுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதற்குமேல் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். புது சிலிண்டர் வந்தால் சீல், உள்ளே வாஷர், எடை மூன்றையும் கேஸ்காரர் முன்னாலேயே பாருங்கள். தராசு கொண்டுவருவது அவர் கடமை. மேல்வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாதத்துக்குள் சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்திருந்தால் வாங்காதீர்கள்.

யாரிடம் போவது?

கடையில் ஆறு நீல சிலிண்டர் பார்த்துவிட்டீர்கள். முதலில் நேராகப் பேசிப் பாருங்கள். தெருவில் பத்து வருஷமாக டீ ஆற்றுகிறவர், நமக்கும் அண்ணன்தான். “அண்ணே, அஞ்சுக்கு மேல வச்சா லைசென்ஸ் வேணுமாம், ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்” என்று சொன்னால் பலர் கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவருக்கும், கேஸ் மாற்றி விற்கும் கடைக்கும் வேறு வழி. சிவப்பு சிலிண்டரைக் கடையில் எரிப்பது, பதுக்குவது, மாற்றி நிரப்புவது எல்லாம் வட்ட வழங்கல் அலுவலரும் மாவட்ட வழங்கல் அலுவலரும் கேட்க வேண்டியவை; குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் போலீஸ் பிரிவே இருக்கிறது. நூறு கிலோவைத் தாண்டிய சேமிப்பு என்றால் பெசோ அலுவலகத்துக்கும், மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். மனுவில் “ஆபத்தாக உள்ளது” என்று எழுதினால் அது கோப்புக் கட்டோடு போய்ச் சேரும். சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை, எந்த நேரத்தில் லோடு இறங்குகிறது, மேல்மாடியில் எத்தனை குடும்பம், பக்கத்தில் பள்ளி இருக்கிறதா என்று எழுதினால் யாராவது வந்து பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒரு காகித விஷயம். முறையான இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. நாம் பிரீமியம் கட்டத் தேவையில்லை. கேஸ் விபத்தில் இறந்தால் நபருக்கு ஆறு லட்சம், சிகிச்சைக்கு ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு லட்சம், வீட்டுச் சேதத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரை. விபத்து நடந்ததும் தாமதிக்காமல் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆனால் பிளாக்கில் வாங்கிய சிலிண்டருக்கும், குட்டி சிலிண்டருக்கும் இது பொருந்தாது. வீட்டுச் சேதத்துக்கான தொகை ஏஜென்சியில் பதிவாகியிருக்கும் முகவரிக்குத்தான். அம்பத்தூரில் குடியிருந்துகொண்டு இன்னும் வியாசர்பாடி முகவரியில் புக் செய்து ஆட்டோவில் ஏற்றி வருகிறவர்கள், ஆதாரையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய் முகவரியை மாற்றிவிடுங்கள்.